நம்பிக்கையான கைத்துப்பாக்கி

கைத்துப்பாக்கிக்கும் நமது புதுச்சேரிக்கும் உள்ள உறவு பழையது. 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் ஜனங்களை நிராயுதபாணிகளாக்கி வைத்திருந்த காலத்தில், பிரெஞ்சுக் கொடி பறந்த இவ்வூருக்கு 1910-ல் லண்டனிலிருந்து தப்பி வந்து சேர்ந்தார் வ. வே. சு. ஐயர். அவரிடம் குறி பார்த்துச் சுடப் பழகியவர்களில் வாஞ்சிநாதனும் ஒருவர். 1911-ம் வருஷம் ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்டு வீழ்த்தியது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் துப்பாக்கி. அந்தச் செய்கையின் தர்மாதர்மங்களை இங்கே விசாரிக்கப் போவதில்லை. துப்பாக்கி என்றதும் நமது வீடுகளில் பேச்சு சற்றே நின்று போகிறதே, அதற்குக் காரணம் உண்டு என்று சொல்லவே இவ்வளவும்.

ஆகையால், முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு கனவான் வந்து, "வாத்தியார் ஐயா, என் பெண்ணுக்கு ஒரு பிஸ்டல் வாங்க வேண்டும், எது நல்லது என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று கேட்டபோது நாம் திடுக்கிடவில்லை என்று சொன்னால் அது பொய். அவருடைய பெண் நம்மிடம் படித்தவள். நாலு வருஷமாகக் காற்றுத் துப்பாக்கியில் பழகி, இப்பொழுது 25 மீட்டர் பந்தயத்தில் இறங்க எண்ணியிருக்கிறாள். கலாசாலை நாட்களில் என்.ஸி.ஸி.யில் வயிற்றின்மேல் படுத்து ரைபிள் சுட்டதும், பிற்பாடு ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்துக்குப் போய் வருவதுமே நமக்குள்ள யோக்கியதை. தகப்பனாரோ பிராவிடண்ட் பண்டில் கடன் வாங்கத் துணிந்துவிட்டார். கையில் இருந்த டெலிபோனில் வால்தர், பார்தினி, ஹாம்மர்லி என்று வரிசையாகப் படங்கள். எல்லாம் அழகானவை. ஒவ்வொன்றின் விலையும் ஒரு மோட்டார் சைக்கிளை மிஞ்சும்.

"அழகை விடுங்கள் ஐயா, சுடும்போதெல்லாம் சுடுமா என்று பாருங்கள்" என்றோம். அவருக்கு இது விசித்திரமாகப் பட்டது. துப்பாக்கி என்றால் சுடாதா?

சுடாமலும் போகும். இந்தப் பந்தயத்துக்குரிய .22 தோட்டாவை ரிம்ஃபயர் என்பார்கள். மற்றத் தோட்டாக்களுக்கு அடிப்பாகத்தின் நடுவில் ஒரு சிறு மூடி இருக்கும். ஊசி அதைத் தட்டும். இதிலோ தீப்பற்றும் மருந்து பித்தளைக் கூட்டின் விளிம்பு மடிப்புக்குள் பூசப்பட்டிருக்கிறது. ஊசி தட்டுகிற இடத்தில் அந்தப் பூச்சு மெலிந்திருந்தால் 'டிக்' என்ற சப்தத்தோடு சரி. அதே தோட்டாவைச் சற்றே திருப்பிப் போட்டால் வெடித்தாலும் வெடிக்கும்! வெடித்த பின்னும் கவலை தீர்வதில்லை. அந்த வேகத்திலேதான் வெற்றுக்கூடு வெளியே பாய்ந்து அடுத்த தோட்டா உள்ளே ஏற வேண்டும். தோட்டாவின் பலம் துப்பாக்கியின் சுருளுக்கு ஒத்துவராவிட்டால், தொண்டையில் மீன்முள் போல வெற்றுக்கூடு வாயிலே நின்றுவிடும். ஒரு போட்டியில் நம் பக்கத்தில் நின்ற பையனுக்கு இப்படி நேர்ந்ததைப் பார்த்திருக்கிறோம். விதிப்படி மறு சந்தர்ப்பம் கொடுத்தார்கள். ஆனால் பையனின் கை அதற்குள் நடுங்கத் தொடங்கிவிட்டது. அதற்கு விதியில் பரிகாரம் கிடையாது.

பெண்கள் பந்தயத்தின் இரண்டாம் பாகத்தில் குறி தோன்றுவது 3 விநாடிதான். பிறகு 7 விநாடி மறைவு. இப்படி 30 குண்டுகள். "இது சுடுமோ, மாட்டுமோ" என்று மனத்தின் ஒரு மூலை நினைத்துக்கொண்டிருந்தால் 3 விநாடியில் மிச்சம் என்ன இருக்கும்? 2021-ல் டோக்கியோவில் மனு பாக்கருக்கு நேர்ந்ததை நாடே பார்த்தது. அது காற்றுத் துப்பாக்கிதான்; பந்தயத்தின் நடுவில் பழுதாகி, செப்பனிடுவதில் நேரம் கரைந்து, இறுதிச் சுற்று கை நழுவிப் போயிற்று. அதே பெண் 2024-ல் பாரிஸில் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பெற்றாள். இந்த 25 மீட்டர் பந்தயத்திலும் நாலாவதாக வந்தாள். ஹங்கேரி தேசத்துக் கரோலி தக்காச்சின் கதையும் உண்டு. 1938-ல் வெடிகுண்டு பழுதாகி வலது கை சிதைந்தது; இடது கையால் பழகி 1948-லும் 1952-லும் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். மனிதன் கையை மாற்றிக்கொள்ளலாம். துப்பாக்கிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

ஆகவே நாம் சொன்ன யோசனை இதுதான். முதலில் சங்கத்துத் துப்பாக்கிகளில் சுட்டுப் பார்க்கட்டும். வாங்க உத்தேசிக்கும் ஜாதியில் 500 தோட்டாக்களாவது சுட்டு, எத்தனை தடவை மாட்டுகிறது என்று நோட்டில் எழுதட்டும். எடை 1400 கிராமுக்கு மேற்படக்கூடாது, விசை 1000 கிராமுக்குக் குறையக்கூடாது என்ற விதிகளைப் பெரிய கம்பெனிகளின் பந்தயத் துப்பாக்கிகள் எல்லாம் அனுசரிக்கின்றன. அவற்றில் உயர்வு தாழ்வு தேடிப் பயனில்லை. ஊசி முறிந்தால் மாற்று ஊசி எத்தனை நாளில் கிடைக்கும், இந்த ஜாதியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் சென்னையிலாவது இருக்கிறாரா என்பதே கேள்வி. இத்தாலியிலிருந்து ஒரு சுருள் வரும் வரையில் போட்டிகள் காத்திருக்குமா?

நம் ஊருக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. கடற்கரை வீதியில் ஜன்னல் கம்பிகளைப் பாருங்கள். உப்புக் காற்று எதை விட்டது? சுட்ட அன்றே துடைத்து, எண்ணெய் பூசி வைக்காத துப்பாக்கி எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் நம்பிக்கைக்குரியதல்ல.

அம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பீரோச் சாவி யாரிடம் இருக்கும்?" என்று ஒரே கேள்வி கேட்டார். அத்தனை பேச்சிலும் அதுவே உயர்ந்த கேள்வி என்று நமக்குத் தோன்றியது. வீட்டில் பத்து வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில், இரண்டு சாவியும் தம் இடுப்பில் என்று அம்மாளே தீர்மானித்துவிட்டார்.

உரிமத்துக்கு மனுப் போட்டாயிற்று. இத்தாலியப் படம் கைவிடப்பட்டது. சங்கத்தில் பல வருஷமாக உழைத்து வரும் ஜாதியிலேயே ஒன்று என்று முடிவு. மிஞ்சும் பணம் தோட்டாவுக்கு. இப்பொழுது அந்தப் பெண் மூன்று தினுசுத் தோட்டாக்களைச் சங்கத்துத் துப்பாக்கியில் மாற்றி மாற்றிப் போட்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். போன ஞாயிறு வரையில் முதல் தினுசு 200-க்கு இரண்டு தடவை மாட்டியது. இரண்டாவது ஒரு தடவையும் மாட்டவில்லை. மூன்றாவது பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.