களியக்காவிளைக் கணக்கு

பெட்ரோல் விலையைத் திட்டும் யோக்கியதை எனக்குக் கிடையாது. 2023 ஏப்ரலில் கேரள அரசு லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் போட்டபோது, திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் தெருவிலேயே அதிகமாகக் கத்தியவன் நான்தான். கத்தியதோடு நின்றிருக்கலாம். தமிழ்நாடு 2021-லேயே 3 ரூபாய் வரியைக் குறைத்திருந்ததால் எல்லைக்கு அந்தப் பக்கம் மலிவு என்று, டேங்க் நிரப்பக் களியக்காவிளைக்குப் போக ஆரம்பித்தேன். நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகப் போக வர சுமார் 60 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கொடுக்கும் வண்டி அதற்கே 4 லிட்டர் குடிக்கும். நானூறு ரூபாய் போயிற்று. லிட்டருக்கு ஐந்தாறு ரூபாய் மிச்சம் என்றால் 35 லிட்டருக்கு இருநூறு சொச்சம்தான் வரும். எல்லையை ஒட்டியிருக்கும் பாறசாலைக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் கணக்கு அது. தெரிந்தேதான் போனேன். (வழியில் தின்ற ரசவடையை இதில் சேர்க்கவில்லை.)

நிஜச் செலவு என் வலது காலில் இருக்கிறது. வேலை கழக்கூட்டத்தில். பாளையம், பட்டம், உள்ளூர், ஸ்ரீகார்யம் என்று வழி நெடுக ஏற்ற இறக்கமும் நெரிசலும். முன்னால் ஒரு வண்டி போனால் எனக்குப் பொறுக்காது. அழுத்தி முந்துவேன், அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதிப்பேன். பெட்ரோலை எரித்துச் சேர்த்த வேகம் முழுக்க பிரேக்கில் சூடாகி வீணாகும். நான் முந்தியவர் நிதானமாக வந்து பக்கத்திலேயே நிற்பார். அவர் முகத்தை நான் பார்ப்பதில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்று பரீட்சையில் எழுதித் தேறியவன்தான் நானும்.

இதில் உபதேசம் வேறு. பி.எம்.ஜி.யிலிருந்து பிளாமூட்டுக்கு இறங்கும் சரிவில் நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்று ஆபீஸில் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். கார்புரேட்டர் காலத்துப் புத்தி. இன்றைய இன்ஜெக்‌ஷன் என்ஜினில், கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் ஓடிக்கொண்டிருக்க எரிபொருள் கேட்கும். பிரேக்குக்கும் பாரம் கூடும். மெக்கானிக் இதைச் சொன்ன பிறகும், நான் உபதேசம் செய்த யாரிடமும் போய்த் திருத்தவில்லை.

டயருக்கு இப்போது ஒழுங்காகக் காற்றுப் பிடிக்கிறேன். டிக்கியில் கிடந்த மூட்டை முடிச்சுகளை இறக்கிவிட்டேன். கால் மட்டும் அப்படியே. ஓட்டும்போதே மைலேஜ் காட்டும் திரை ஒன்று வண்டியில் உண்டு. அதை மாற்றி, வெளியே எத்தனை டிகிரி வெயில் என்று காட்டும்படி வைத்திருக்கிறேன்.