விடை தெரியும், காரணம் தெரியாது

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் அம்பேத்கர் படிப்பகத்துக்கு ஒரு தம்பி வந்தான். ஒரகடத்தில் ஒப்பந்த வேலை. சிசிஎன்ஏ முடித்துவிட்டு அடுத்து சிசிஎன்பி எழுதப் போகிறானாம். கையில் ஒரு பென் டிரைவ். “அண்ணா, எல்லாக் கேள்வியும் விடையோட இருக்கு. மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைச்சுது. இது போதுமில்ல?” என்றான்.

அவனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். எனக்குக் கொஞ்சம் வெட்கமான கதைதான்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். டிப்ளமோ முடித்து, ஒப்பந்தக்காரர் மூலம் ஓர் ஆலையில் நெட்வொர்க் வேலைக்குப் போனேன். கேபிள் இழுப்பது, ஸ்விட்ச் மாட்டுவது. சம்பளம் ஏற சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கொடுத்தார். பயிற்சி மையத்தில் டம்ப்ஸ் கொடுத்தார்கள். அதாவது, தேர்விலிருந்து திருடி வந்த கேள்விகளும் விடைகளும். ஒரு மாதம் உருப்போட்டேன். சிசிஎன்ஏ பாஸ்.

ஆறு மாதம் கழித்து ஒரு நைட் ஷிப்ட். பழுதான ரூட்டரைக் கழற்றிப் புதியதை வைத்தேன். அது பக்கத்து ரூட்டரோடு ஓஎஸ்பிஎஃப் உறவில் சேரவில்லை. ‘எக்ஸ்ஸ்டார்ட்’ என்ற நிலையிலேயே நின்றது. ஸ்கேனர்களுக்கு சர்வர் கிடைக்கவில்லை. லைன் நின்றுவிட்டது. நாற்பது நிமிடம் வியர்த்துக்கொண்டிருந்தேன். சீனியர் வந்து இரண்டு பக்கமும் எம்டியூ அளவைப் பார்த்தார். ஒரு பக்கம் 1500, இன்னொரு பக்கம் 9000. ஒரே வரியை மாற்றினார். உறவு சேர்ந்தது.

அந்தக் கேள்வி என் டம்ப்ஸில் இருந்தது. விடை ‘சி’. ‘சி’ என்பது எனக்குத் தெரியும். எம்டியூ என்பது ஒரு இணைப்பு ஒரே தடவையில் கடத்தக்கூடிய பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, அது இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் ரூட்டர்கள் தகவல் பட்டியலைப் பரிமாறாமல் நின்றுவிடும் என்பது தெரியாது.

மறுநாள் சூப்பர்வைசர் என் காதில் விழும்படியே சொன்னார்: “இவங்கெல்லாம் எப்படிப் பாஸ் பண்ணி வர்றாங்கன்னு தெரியாதா?” அந்த ‘இவங்க’ என்ன என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டம்ப்ஸ் படித்து வந்தவர்கள் அந்த ஆலையில் வேறு சாதிகளிலும் இருந்தார்கள். அவர்கள் தடுமாறினால் அது அவரவர் தடுமாற்றம். நான் தடுமாறினால் என் தெருவே தடுமாறியதாகக் கணக்கு. அது அநியாயம். எதிர்த்துக் கேட்க எழுந்தேன், வாய் வரவில்லை. நான் எப்படிப் பாஸ் செய்தேன் என்பது எனக்குத் தெரியும் அல்லவா?

சிசிஎன்பிக்கு வேறு வழியில் போனேன். அந்த வழி இதுதான்.

முதலில் பாடத்திட்டம். சிஸ்கோ தன் இணையதளத்தில் அதை இலவசமாகவே வைத்திருக்கிறது. சிசிஎன்பி என்டர்பிரைஸுக்கு என்கோர் என்ற மையத் தேர்வையும், விருப்பத் தேர்வு ஒன்றையும் எழுத வேண்டும். என்கோரில் இன்ஃப்ராஸ்ட்ரக்சருக்கு 30 சதவீதம், செக்யூரிட்டிக்கு 20, ஆட்டோமேஷனுக்கு 15. இந்தத் தாளை எடுத்து, தெரிந்ததற்கும் தெரியாததற்கும் குறி போடுங்கள். எந்தப் புத்தகம் வாங்கினாலும் அதற்குப் பிறகுதான்.

அடுத்து புத்தகம். நான் காசு மிச்சம் பிடிக்கப் பழைய புத்தகக் கடையில் ‘ரூட்’ தேர்வுக்கான புத்தகத்தை வாங்கினேன். அந்தத் தேர்வே 2020 பிப்ரவரியோடு போய்விட்டது. ஓஎஸ்பிஎஃப், பிஜிபி பாடங்களுக்கு அது இன்றும் நல்ல புத்தகம்தான். ஆனால் ஆட்டோமேஷன் பற்றி அதில் ஒன்றுமில்லை. முதல் முறை தோற்றேன். கட்டணம் 400 டாலர், நம் பணத்தில் 30,000 ரூபாய்க்கு மேல் போனது. பிறகுதான் மூன்று பேர் சேர்ந்து சிஸ்கோ பிரஸ்ஸின் ‘ஆஃபீஷியல் செர்ட் கைடு’ வாங்கினோம். இப்போது படிப்பகத்தில் இருப்பது 2023-இல் வந்த இரண்டாம் பதிப்பு. வாங்கும் முன் பாடத்திட்டத்தின் பதிப்பு எண்ணும் புத்தகத்தின் பதிப்பும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஆயிரம் பக்க ஆங்கிலம் எங்களுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஒரு விதி வைத்துக்கொண்டோம். படித்த பத்தியை மற்ற இருவருக்கும் தமிழில் விளக்க வேண்டும். விளக்க முடியாவிட்டால் அதைப் படித்ததாகக் கணக்கில்லை. எங்கள் மூவரில் முதலில் தேறியவள் சுங்குவார்சத்திரத்தில் லைனில் நின்று வேலை பார்த்த தங்கைதான்.

மூன்றாவது, கைப்பழக்கம். பாக்கெட் டிரேசர் சிசிஎன்ஏவுக்குப் போதும், இதற்குப் போதாது. சிஸ்கோவின் சிஎம்எல் மென்பொருளில் ஐந்து கருவிகள் வரை இலவசமாக ஓட்டலாம். ஜிஎன்எஸ்3 கட்டற்ற மென்பொருள், அதுவும் இலவசம். அரசு கொடுத்த லேப்டாப் எனக்கு இதைத் தாங்கவில்லை. ரிச்சி தெருவில் பழைய கணினி ஒன்று வாங்கினோம். அதில் எம்டியூவை நானே மாற்றி வைத்து, உறவு உடைவதைப் பார்த்து, திரும்பச் சேர்த்தேன். ஒரே இரவில் இருபது தடவை. சந்தேகம் வந்தால் மூல ஆவணத்தைப் பாருங்கள். ஓஎஸ்பிஎஃப் விதிகள் 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2328-இல் இருக்கின்றன. யாரும் காசு கேட்கமாட்டார்கள்.

டம்ப்ஸ் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிடிபட்டால் சிஸ்கோ சான்றிதழைப் பறிக்கும், மறுபடி எழுதத் தடையும் போடும். அம்மா கட்டிய வட்டி திரும்பி வராது.

2024 செப்டம்பரில் சிஸ்கோ, ஃபிளெக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சென்னைப் பகுதியில் தன் உற்பத்தியைத் தொடங்கியது. என்சிஎஸ் 540 வரிசை ரூட்டர்கள் இங்கேயே தயாராகின்றன. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை பொருள்களைப் பூட்டுவதும் பெட்டி கட்டுவதும் லாரியில் ஏற்றுவதும் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் கைகள். நம் பிள்ளைகள் அதில் நிறைய. பெட்டிக்குள் என்ன ஓடுகிறது என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

தம்பி பென் டிரைவை எடுத்துக்கொண்டுதான் போனான். மூவாயிரம் ரூபாய் கொடுத்தவன், உடனே தூக்கிப்போட மனசு வராது. அடுத்த ஞாயிறு நான்கு மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறான். முதல் அத்தியாயத்தைத் தமிழில் விளக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். நீங்களும் வாருங்கள். புத்தகம் அலமாரியில் இருக்கிறது.