எருக்கலைக்கு ஒரு கனடாச் சொந்தம்

கூரைத் தண்ணீர் வந்து விழுந்து எந்நேரமும் ஈரமாகவே கிடக்கும் ஒரு மூலை பல வீட்டுப் பின்வளவுகளில் இருக்கும். புல்லும் ஒழுங்காக வராது, தக்காளியும் அழுகிப்போகும். எங்கள் ஸ்கார்பரோ வீட்டில் அந்த மூலையில் இப்போது 'ஸ்வாம்ப் மில்க்வீட்' நிற்கிறது. ஒன்ராறியோவின் சதுப்பு நிலங்களில் தானாக வளரும் செடி. நாலடி உயரம். ஜூலை, ஆகஸ்ட்டில் கொத்துக் கொத்தாக இளஞ்சிவப்புப் பூ. தேனீக்கள் விடிந்தால் அதில்தான்.

அம்மாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை. இலையைக் கிள்ளியதும் வெள்ளைப் பால் வந்தது. "இது எருக்கலைச் சாதியெல்லோ! பிள்ளை விளையாடுற இடத்தில ஏன் வைச்சனி?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். இரண்டும் ஒரே குடும்பம். பால் கண்ணில் படக்கூடாது. தொட்டால் கை கழுவ வேண்டும். ஆனால் அந்த நஞ்சில்தான் விஷயமே இருக்கிறது. மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு மில்க்வீட் இலைதான் சாப்பாடு. தின்ற நஞ்சு உடம்பில் தங்கி, பறவைகளிடமிருந்து அதைக் காக்கிறது. மில்க்வீட் இல்லையென்றால் மொனார்க்கும் இல்லை.

என் ஆறு வயது மகளுக்கும் அம்மாவுக்கும் இடையில் பேச்சு "சாப்பிட்டியா?", "ஓம்" என்பதோடு முடிந்துவிடும். போன ஆகஸ்ட்டில் இலைக்கு அடியில் கடுகளவில் ஒரு முட்டை. நாலு நாளில் புழு. பிறகு இரண்டு பேரும் காலையும் மாலையும் அங்கேதான். "அப்பம்மா, புழு பெரிசா வந்திட்டுது!" முழுத் தமிழ் வசனம்! ஊரில் எருக்கலையிலும் இப்படி வரிப்புழு இருக்கும், அந்தப் பூவில் பிள்ளையாருக்கு மாலை கட்டுவோம் என்று அம்மா சொல்ல, மகள் கேள்விமேல் கேள்வி கேட்டாள். எனக்கும் அது புதுக் கதைதான்.

செப்டெம்பரில் இங்கிருந்து பறக்கும் மொனார்க் மெக்சிக்கோ மலைக்காடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கும். 1975இல் அந்த இடத்தை வெளியுலகுக்குக் காட்டிய நீண்ட தேடலை நடத்திய பேராசிரியர் பிரெட் ஏர்க்கார்ட், ஸ்கார்பரோவில் உள்ள ரொறன்ரோ பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பித்தவர். கோடையில் ஒன்ராறியோவுக்கு வந்து சேருவது பெரும்பாலும் போன பூச்சி அல்ல, அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

நீங்களும் நடலாம். விதை முளைக்கக் குளிர் தேவை. நவம்பரில் ஈர மண்ணில் தூவிவிட்டால் பனிக்காலமே அந்த வேலையைப் பார்க்கும். வசந்தத்தில் விதைப்பதென்றால் ஈரத் தாளில் சுற்றி ஒரு மாதம் பிரிட்ஜில் வையுங்கள். நல்ல வெயில் வேண்டும். முதல் வருடம் பூக்காமல் இருக்கலாம். செடியாக வாங்கினால், பூச்சிமருந்து அடிக்காததா என்று கேட்டு வாங்குங்கள். இலையில் ஓட்டை விழுந்தால் கவலை வேண்டாம். அதற்குத்தானே நட்டோம்!