கதர்க்காரர்கள் வந்து உட்கார்ந்த கூடம்

விழுப்புரத்தில் முத்துநகர் எக்ஸ்பிரஸை விட்டு இறங்கும்போது இன்னும் இருட்டு. மார்கழி மாதம். தூத்துக்குடியில் மார்கழி வந்தால் மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைப்போம். எங்கள் குளிர்காலம் அத்தோடு சரி. இங்கே என்னடாவென்றால் போர்ட்டர் முதல் பூக்காரம்மா வரை எல்லார் தலையிலும் மப்ளர். எனக்குப் பல் தந்தியடித்தது. பேருந்து நிலையத்தில் டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி நின்றேன். கடைக்காரர் என் அரைக்கைச் சட்டையைப் பார்த்துவிட்டு, "தெக்கத்தி ஆளா?" என்றார். குளிர்கூட ஊரைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது!

திருவண்ணாமலை பஸ் கிட்டத்தட்ட அறுபது கிலோமீட்டர் போக வேண்டும். வழியெல்லாம் கரும்பு, நெல், பனிமூட்டம். வெளுத்துக்கொண்டு வரும்போது வலப்பக்கம் ஒரு கருமேகம் நகராமல் நின்றது. "மலை" என்றார் பக்கத்து சீட்டுப் பெரியவர். அவ்வளவுதான், பஸ் முழுக்கக் கைகள் நெற்றிக்குப் போயின. ஓட்டுநரும் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கும்பிட்டார். நான் பக்தியை ஒத்திவைத்துவிட்டு முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். 2,668 அடி உயரம். எங்கள் ஊரில் உயரம் என்றால் உப்பு அம்பாரமும் துறைமுகக் கிரேனும்தான். வீட்டு ஜன்னலைத் திறந்தால் மலை நிற்கும் ஊரில் பிறந்தவர்கள் எப்படித்தான் வேலை வெட்டிக்குப் போகிறார்களோ!

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வ.உ.சி. ஊர்க்காரன். சுதந்திரப் போராட்டம் என்றால் எனக்கு 1906-ல் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, கடற்கரைக் கூட்டங்கள், 1908 கோரல் மில் வேலைநிறுத்தம், சிறையில் இழுத்த செக்கு. முழுக்கச் சத்தம் நிறைந்த வரலாறு. தேசிய இயக்கத்தின் பெரிய மனிதர்கள் சிலர், வாயை அதிகம் திறக்காத ரமணர் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்று எங்கோ படித்ததிலிருந்து மனதில் ஓர் அரிப்பு. ஜெயிலுக்கும் ஊர்வலத்துக்கும் நடுவில் இவர்களுக்கு இங்கே என்ன வேலை?

"எங்க சாமி போவணும்?" என்றார் ஆட்டோக்காரர். திரும்பிப் பார்த்தேன், பின்னால் சாமியார் யாரும் இல்லை. என்னைத்தான்! எங்கள் பக்கம் யாரைக் கூப்பிட்டாலும் அண்ணாச்சி. இந்த ஊரில் யாரைக் கூப்பிட்டாலும் சாமி. செங்கம் சாலையில் வண்டி திரும்பியதும் காரணம் புரிந்தது. ஓரமெல்லாம் காவி வேட்டிகள், கமண்டலங்கள், சுருட்டி வைத்த கோரைப்பாய்கள். அவற்றின் நடுவே கதர்ப் புடவை கட்டிய ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, கொய்யாப்பழக்காரரிடம் "அதிகம் சொல்றீங்கண்ணா" என்று தமிழில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஜெர்மன் ரொட்டி விற்கும் கடைக்குப் பக்கத்திலேயே இட்லிக் கடை. கற்பூரம், சாம்பிராணி, வறுத்த காப்பிக்கொட்டை, மாட்டுச் சாணம் எல்லாம் கலந்து ஒரு வாசனை. கருவாட்டு மணத்துக்குப் பழகிய மூக்கு கொஞ்சநேரம் திக்குமுக்காடியது.

ரமணாசிரமத்து வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனால், முன்றிலில் வயதான இலுப்பை மரம். மயில் ஒன்று யாரையும் சட்டை செய்யாமல் குறுக்கே நடந்தது. குரங்குகள் பக்தர்களின் பையைப் பரிசோதிக்கும் பணியில் மும்முரமாக இருந்தன. திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமன், பிற்காலத்து ரமணர், மதுரையில் படித்துக்கொண்டிருந்தவர், 1896-ல் அண்ணனின் காலேஜ் பீஸ் பணத்திலிருந்து மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு ரயிலேறினார். செப்டம்பர் 1-ஆம் தேதி இந்த ஊரில் கால் வைத்தவர், 1950 ஏப்ரல் 14 இரவு உயிர் பிரியும்வரை இந்த மலையை விட்டு நகரவே இல்லை. திருச்சுழி எங்களுக்கு எட்டிப்பிடிக்கும் தூரம். நம்ம பக்கத்துப் பிள்ளை என்று மனசுக்குள் ஒரு பெருமை ஓடியது.

ரமணர் அமர்ந்திருந்த பழைய கூடம் என்பதைப் பெரிய மண்டபமாகக் கற்பனை செய்திருந்தேன். சின்ன அறை! ஒரு ஓரத்தில் சோபா, அதன்மேல் ரமணர் சாய்ந்திருக்கும் படம். எதிரே தரையில் பத்திருபது பேர் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு இருமல் வந்தால்கூடக் குற்றவுணர்ச்சி வருகிற அமைதி. 1938 ஆகஸ்டில் ராஜேந்திர பிரசாத் இங்கே வந்து சில நாட்கள் தங்கினார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் குடியரசின் முதல் தலைவராகப் போகிறவர். அன்று ஆஸ்துமாவோடு போராடிக்கொண்டிருந்த பீகார்க் காங்கிரஸ்காரர். கூட வந்தவர் ஜம்னாலால் பஜாஜ். பெரிய வியாபாரி, காங்கிரசின் பொருளாளர், காந்தி தம் ஐந்தாவது மகனாக ஏற்றவர், ஆங்கிலேயர் தந்த ராய் பகதூர் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தவர். அப்பேர்ப்பட்ட இருவரும் இதே தரையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். வேறு இடம் ஏது?

ராஜேந்திர பிரசாத் அதிகம் பேசவில்லை. பஜாஜ் கேள்விகளோடு வந்திருந்தார். முனகால வேங்கடராமையா 1935 முதல் 1939 வரை எழுதி வைத்த உரையாடல் தொகுப்பில் அவை இருக்கின்றன. புத்தகக் கடையில் அதை வாங்கி, இலுப்பை மரத்தடித் திண்ணையில் உட்கார்ந்து ஆகஸ்ட் 1938 பக்கங்களைத் தேடிப் பிடித்தேன். ஒரு குரங்கும் என்னோடு சேர்ந்து படித்தது.

சுயராஜ்யம் வேண்டுமென்று ஆசைப்படுவது சரிதானா என்று பஜாஜ் கேட்கிறார். துறவியிடம் போய் அரசியல்வாதி கேட்கிற கேள்வியா இது! ஆசையே கூடாது என்று ரமணர் ஒரே போடாகப் போட்டிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. அந்த ஆசை சுயநலத்தில்தான் தொடங்கும். ஆனால் இலட்சியத்துக்காக உழைக்க உழைக்கப் பார்வை விரிந்து, தனி மனிதன் நாட்டோடு கரைந்து போவான், அப்படிக் கரைவது நல்லதே என்கிற பொருளில் பதில் வருகிறது. பஜாஜ் விடவில்லை. பெரும் தியாகங்களுக்குப் பின் சுயராஜ்யம் கிடைத்தால் பெருமிதம் கொள்ளலாம் அல்லவா என்கிறார். போராடும்போதே தன்னைவிட மேலான ஒரு சக்தியிடம் தன்னை ஒப்படைத்திருப்பவனுக்கு வெற்றியை 'என்னுடையது' என்று கொண்டாட என்ன இருக்கிறது என்ற மாதிரி பதில். சுதந்திரம் வர இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது. அதற்குள் வெற்றி தலைக்கேறாமல் இருப்பது எப்படி என்று பேசி முடித்துவிட்டார்கள்! புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்சநேரம் மயிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புறப்படும்போது, காந்திக்கு ஏதாவது சொல்லியனுப்ப வேண்டுமா என்று கேட்டிருக்கிறார் ராஜேந்திர பிரசாத். உள்ளே இருக்கும் ஆன்ம சக்தியே அவரை நடத்துகிறது, அதற்குமேல் என்ன வேண்டும் என்று ரமணர் சொல்லிவிட்டார். காந்தியும் ரமணரும் நேரில் சந்தித்ததே இல்லை என்பதுதான் வேடிக்கை. 1934 ஹரிஜன யாத்திரையில் காந்தி இந்த ஊருக்கே வந்தும் ஆசிரமத்துக்குள் வராமல் போய்விட்டார். இருந்தாலும் ரமணர் ஹரிஜன் இதழைப் படிப்பார். ராஜ்கோட் பயணம் தனக்கே ஆச்சரியமாக இருக்கிறது என்று 1939 மார்ச்சில் காந்தி எழுதிய பகுதியை இங்கிருந்தவர்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். 1948 ஜனவரி 30-ல் காந்தி கொல்லப்பட்ட செய்தி வந்தபோது ரமணர் நெகிழ்ந்துபோனதை, சூரி நாகம்மா தம் அண்ணனுக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்களில் காணலாம். காந்தியின் எழுத்துகளை நூறு தொகுதிகளாகக் கொண்டுவந்த பெரும்பணிக்கு 1960 முதல் தலைமை ஏற்ற பேராசிரியர் கே. சுவாமிநாதன், புதுக்கோட்டைத் தமிழர், ரமண பக்தர். ரமணரின் வாழ்க்கையை எழுதியவரும் அவரே.

மணி அடித்ததும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனோம். தரையில் வரிசையாகத் தையல் இலை. மேசை நாற்காலிக்குப் பழகிய என் முழங்கால் மடங்க மறுத்தது. எதிரே ஒரு இத்தாலிக்காரர் அலட்டிக்கொள்ளாமல் சம்மணம் போட்டு, ரசத்தை அணை கட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மானம் போயிற்று! காரம் எங்கள் ஊர்க் குழம்பில் பாதிகூட இல்லை. உப்பு மட்டும் சரியாக இருந்தது. அது எங்கள் அளத்திலிருந்தே வந்திருக்கலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

இதே ஆசிரமத்தில் ஒரு காலத்தில் பிராமணர்களுக்குத் தனிப் பந்தி, நடுவே ஒரு தடுப்பு. ஆசாரக்காரர்களுக்காக வைத்தது. இன்று என் இடப்பக்கம் இருந்தவர் யார், வலப்பக்கம் யார் என்று கேட்க நாதியில்லை. அந்தத் தடுப்பு நாடு முழுக்க இருந்தது என்பதும், அதை உடைத்தவர்களில் சிலர் இந்த மலையைச் சுற்றியவர்கள் என்பதும் மதியம் மலையேறும்போது மனதில் ஓடியது.

பின்வாசல் வழியாகக் கல் பாவிய பாதை. ஸ்கந்தாசிரமம் போய்ச் சேர்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. செருப்பில்லாமல் வந்த ஒரு பாட்டி "மெதுவா வா கண்ணு" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனார். மேலே சுனைத் தண்ணீர், தென்னை மரங்கள். ஒரு பாறையிலிருந்து பார்த்தால் அண்ணாமலையார் கோயில் தரையில் வரைந்த கோலமாக விரிகிறது. 217 அடி ராஜகோபுரம் கைக்கடக்கமாகத் தெரிகிறது. காற்று அங்கேயும் குத்தியது.

கொஞ்சம் கீழே விருபாட்சி குகை. உள்ளே நுழைந்தால் வெளிக்குளிர் சட்டென்று நின்று வெதுவெதுப்பு. முதல்முறையாக ஊர் நினைப்பு வந்து உடம்பு சுகப்பட்டது! 1907 நவம்பர் 18 அன்று இங்கேதான் காவ்யகண்ட கணபதி முனி ஏறிவந்து, மௌனமாக இருந்த இளைஞரின் காலைப் பிடித்தார். பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி என்று பெயர் வைத்தவர் அவரே. ஆந்திரத்தில் பிறந்த அந்த சமஸ்கிருதப் புலவர் பிற்பாடு காங்கிரசில் இறங்கினார். 1924-ல் காந்தி தலைமை தாங்கிய பெல்காம் மாநாட்டுக்குப் போனார். தீண்டாமைக்குச் சாஸ்திரத்தில் இடமில்லை என்று சாஸ்திரம் படித்த வாயாலேயே வாதாடினார். அந்த 1907 நவம்பரில் எங்கள் கடலில் சுதேசிக் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. நாலு மாதத்தில், 1908 மார்ச் 12-ல், வ.உ.சி. கைதாகிவிட்டார். ஒரே தமிழ்நாடு, ஒரே காலம். அங்கே கடற்கரையில் அத்தனை கூச்சல், இங்கே குகையில் இத்தனை மௌனம்!

மாலையில் கீழே தமிழ்ப் பாராயணம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். போலந்தோ ருஷ்யாவோ, ஒரு பெண் ழகரம் பிசகாமல் பாடினார். எங்கள் தெருப் பையன்கள் கேட்க வேண்டும்! அந்த வரிசையில் உட்கார்ந்தபோது ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஞாபகம் வந்தது. திண்டிவனம் பக்கத்து விவசாயி, காங்கிரஸ்காரர், ரமண பக்தர். 1947 மார்ச்சில் சென்னை மாகாண முதல்வர் பதவி தேடிவந்தபோது, ரமணரின் சம்மதம் கிடைத்த பிறகே ஏற்றார் என்று சொல்வார்கள். இரண்டே ஆண்டுதான் இருந்தார். அதற்குள் ஆலயப் பிரவேசச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், ஜமீன் ஒழிப்புச் சட்டம். பாரதி பாடல்களை நாட்டுடைமையாக்கும் முடிவு எடுத்ததும் அவர் ஆட்சியில்தான். 1949 ஏப்ரலில் நாற்காலியை விட்டு எழுந்தவர், பிறகு வடலூரில் வள்ளலார் வழியில் வாழ்ந்து 1970-ல் மறைந்தார். வெற்றியை 'என்னுடையது' என்று கொண்டாடாத ஆள் எப்படி இருப்பார் என்று பஜாஜ் கேட்டிருந்தால், இவரைக் கைகாட்டியிருக்கலாம்.

காலையில் கொண்டுவந்த கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். ஓடி ஒளிய இவர்கள் இங்கே வரவில்லை. போராட்டம் கொடுக்கிற கோபமும் கர்வமும் தங்களைத் தின்றுவிடக் கூடாது என்ற கவலையோடு வந்தார்கள். திரும்பிப் போய் மறுபடி போராடினார்கள். இது வெளியூர்க்காரர்களுக்கு மட்டுமே உரிய கவலையும் இல்லை. எங்கள் வ.உ.சி. சிறையில் என்ன செய்தார்? செக்கிழுத்த கையோடு ஜேம்ஸ் ஆலனைத் தமிழாக்கினார். மெய்யறிவு, மெய்யறம் எழுதினார். கப்பல் ஓட்டியவரும் மனதை ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார். நாங்கள்தான் கப்பலோடு நிறுத்திக்கொண்டோம்.

ராஜேந்திர பிரசாத்தும் பஜாஜும் ஓமந்தூராரும் இங்கே வந்து உட்கார்ந்ததைச் சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. நம் பள்ளிப் பாடங்களிலும் இதைப் படித்த நினைவில்லை. பாடம் எழுதுகிறவர்கள் ஒரு பக்கமாவது ஒதுக்கட்டும். கிரிவலம் வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பதினான்கு கிலோமீட்டர் நடந்த கையோடு பஸ் ஏறிவிடாதீர்கள். உரையாடல் தொகுப்பில் 1938 ஆகஸ்ட் பக்கங்களைப் படித்துவிட்டு, அந்தச் சின்னக் கூடத்தில் அரைமணி நேரம் உட்காருங்கள். டிசம்பரில் போனால் மறக்காமல் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.