மேல் லயத்துக்கு ஏன் தண்ணி வருவதில்லை?



ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா பக்கத்துத் தோட்டங்களில் தண்ணீர்ச் சண்டை புதிதல்ல. கீழ் லயத்தில் பைப் வெடித்துத் தண்ணீர் கானில் ஓடும். அதே நேரம் மேல் லயத்துப் பைப்படியில் வெறுங்குடங்கள் வரிசையில் கிடக்கும். "கீழே உள்ளவங்க எல்லாத்தையும் பிடிச்சிக்கிறாங்க" என்று மேலே பேச்சு. "மேலே உள்ளவங்க பைப்பை வெட்டிட்டாங்க" என்று கீழே பேச்சு. இதில் நசுங்குவது பிள்ளைகள்தான். காலையில் தண்ணீர் சுமந்துவிட்டு, முதல் பாடம் முடிந்த பிறகு களைத்துப்போய் வரும் பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

ஒருவரை ஒருவர் குற்றம் சொல்வதற்கு முன், மலையின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

தண்ணீர் 10 மீட்டர் கீழே இறங்கினால் குழாய்க்குள் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கூடும். தாங்கி பெரிதா சிறிதா என்பதல்ல, எவ்வளவு உயரம் இறங்குகிறது என்பதே கணக்கு. தாங்கியிலிருந்து 10 மீட்டர் கீழே மேல் லயம், 80 மீட்டர் கீழே கடைசி லயம் என்று வைத்துக்கொள்வோம். மேலே 1 பார், கீழே 8 பார். 6 பார் மட்டும் தாங்கும் குழாயைக் கீழே பதித்திருந்தால் அது வெடிக்காமல் என்ன செய்யும்? அதுவும் எல்லோரும் பைப்பை மூடிவிட்டுத் தூங்கும் இரவில்தான் அழுத்தம் உச்சத்துக்குப் போகும்.

விடிந்ததும் கதை மாறும். கீழே எல்லாப் பைப்பும் ஒன்றாகத் திறபடும். தண்ணீர் வேகமாக ஓட ஓட, குழாய்ச் சுவரில் உரசியே அழுத்தம் செலவாகிவிடும். மேல் லயத்துக்கு இருந்த அந்த 1 பாரும் போய்விடும். அந்த நேரத்தில் யாராவது லைனில் நேரே மோட்டர் வைத்து இழுத்தால், வெடிப்பு வழியாகக் கான் தண்ணீரும் உள்ளே வரும்.

இந்த உயரத்தை நாடு நன்றாகவே பயன்படுத்துகிறது. லக்ஷபான 1950 முதல் இதை வைத்துத்தான் மின்சாரம் தருகிறது. நம் மலையில் இறங்கும் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. அம்பத்தலையில் அதைச் சுத்திகரித்துக் கொழும்பு குடிக்கிறது. ஊற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் நமது லயத்தில் மட்டும் குடம் காய்கிறது.

வழி இருக்கிறது. இறக்கத்தின் நடுவில் அழுத்தம் முறிக்கும் சிறு தொட்டி ஒன்று கட்டலாம். காற்றுப்படும் அந்தத் தொட்டியில் தண்ணீர் விழுந்ததும் அழுத்தம் பூச்சியமாகி, அங்கிருந்து புதிதாகத் தொடங்கும். 40 மீட்டரில் கட்டினால் கடைசி லயத்துக்கு 8 அல்ல, 4 பார்தான். அதிலுள்ள மிதவை வால்வை மட்டும் யாரும் கழற்றக் கூடாது. கழற்றினால் இரவு முழுக்கத் தொட்டி வழியும், தாங்கி காலியாகும், விடியும்போது மேல் லயம் வறண்டு கிடக்கும். முடிந்தால் மேல் லயத்துக்குத் தாங்கியிலிருந்தே தனி லைன் இழுக்க வேண்டும். கீழ்க் கிளைகளின் வால்வை, மேலே தண்ணீர் வரும் அளவுக்குக் குறைத்து வைத்து, அதன் பொறுப்பை இரு லயத்தாரும் நம்பும் ஒருவரிடம் கொடுக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் "புதுக் குழாய் தாங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். "உயரத்தை அளந்தீர்களா? தொட்டி எங்கே வருகிறது? இந்தக் குழாய் எத்தனை பார் தாங்கும்?" என்றும் கேளுங்கள். உயரம் அளக்க மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர் மட்டக் குழாயே போதும். நமது பெரிய வகுப்புப் பிள்ளைகளும் கூட வந்து அளப்பார்கள்.

பள்ளிவாசலில் வுளூ செய்வதற்கும் கோயில் அபிஷேகத்துக்கும் ஒரே ஊற்றிலிருந்துதான் எடுக்கிறோம். அதைப் பங்கு போடவும் ஒன்றாகவே உட்காருவோம்.