'நம்புகிறார்' என்னும் வினை

புதிதாக வந்த உளச்சிகிச்சையாளர் என் கோப்பைப் படித்து முடித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "ஆய்வு செய்யும் தகுதி உங்களுக்கு இல்லை என்று நம்புகிறீர்கள், அப்படித்தானே?" ஆங்கிலத்தில்தான் கேட்டார். நான் திகைத்துப் போனேன். அதற்கு முந்தைய ஏழு அமர்வுகளில் ஒருமுறைகூட 'நம்புகிறேன்' என்று நான் சொன்னதாக நினைவில்லை.

ஐதராபாத்தில் நான்காம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வாளர் நான். சென்ற ஆண்டு என் இரண்டாம் இயல் பக்க ஓரங்கள் நிறையத் திருத்தங்களோடு திரும்பி வந்தது. மூன்று வாரம் மடிக்கணினியைத் திறக்கவில்லை. பிறகு வளாகத்தின் ஆலோசனை மையத்துக்குச் சென்றேன். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை தொடங்கியது. ஏழாம் அமர்வோடு அந்தச் சிகிச்சையாளர் வேறு பணிக்குச் சென்றுவிட, என் கோப்பு அடுத்தவரின் மேசைக்கு நகர்ந்தது.

அந்தக் குறிப்புகளைப் பார்க்கலாமா என்று கேட்டேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 25ஆம் பிரிவில், சிகிச்சை பெறுபவர் தம் அடிப்படை மருத்துவப் பதிவுகளை அணுகும் உரிமையைத் தருகிறது. கடும் மனத்தீங்கு நேரக்கூடும் என்றால் குறிப்பிட்ட தகவலை மட்டும் நிறுத்திவைக்கலாம். சட்டத்தை மேற்கோள் காட்டும் தேவை எழவில்லை. அவர் தயங்காமல் கோப்பை என் பக்கம் திருப்பினார்.

அமர்வுக்கு அரைப்பக்கம். நோயாளி கூறியது, சிகிச்சையாளர் கண்டது, மதிப்பீடு, திட்டம் என்று நான்கு கட்டங்கள். 1968இல் லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் முன்வைத்த சிக்கல்சார் பதிவுமுறையின் வழிவந்த வடிவம் அது. மனச்சோர்வு வினாத்தாளின் மதிப்பெண் (ஒன்பது வினாக்கள், மொத்தம் 27), சென்ற வாரத்து வீட்டுப்பணி, அன்று செய்த பயிற்சி, அடுத்த வாரத்துக்கான பணி ஆகியவையும் இருந்தன. நெறியாளரின் பெயரைத் தேடினேன்; எங்கும் இல்லை. 'மேற்பார்வையாளர்' என்று மட்டும். தேவையற்றதை எழுதாமல் விட்ட அந்தக் கைக்கு மனத்துக்குள் நன்றி சொன்னேன்.

இரண்டு வினைச்சொற்கள் மட்டும் முள்ளாய்த் தைத்தன. ஒன்று, 'மறுக்கிறார்'. வினாத்தாளின் ஒன்பதாம் வினாவுக்கு நான் 'இல்லை' என்று குறித்திருந்தேன். குறிப்போ தற்கொலை எண்ணத்தை நான் 'மறுப்பதாக'ச் சொன்னது. ஆங்கில மருத்துவக் குறிப்புகளில் அது வழக்கமான சொல்தான். தமிழ்க் காதில் அது சாட்சிக் கூண்டில் ஒலிக்கிறது. அதைக் கடந்துவிட்டேன்.

மற்றொன்றைக் கடக்க முடியவில்லை. 'தாம் தகுதியற்றவர் என்று நம்புகிறார்.' மூன்றாம் அமர்வில் முதன்முதலாக வந்த இந்த வரி நான்கிலும் ஐந்திலும் ஆறிலும் ஏழிலும் எழுத்து மாறாமல் நின்றது.

மொழியியல் படித்தவளின் கோபம் எனக்கு. தமிழில் அந்த எண்ணத்தை நான் சொல்லியிருந்தால் 'எனக்குத் தோன்றுகிறது' என்றுதான் சொல்லியிருப்பேன். பசியும் காய்ச்சலும் நினைவும் வருவதுபோல, நான்காம் வேற்றுமையில் நிற்கும் எனக்கு அந்த எண்ணம் வருகிறது. நான் அதைச் செய்வதில்லை. தெற்காசிய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான இந்த அமைப்பைப் பற்றி மணீந்திர வர்மாவும் கே. பி. மோகனனும் 1990இல் ஒரு பெருந்தொகுப்பே கொண்டுவந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்தச் சிகிச்சையின் அடித்தளமும் அதுதான். ஆரன் பெக் 1960களில் கவனித்தவை, அழைக்காமலே மனத்தில் வந்து விழும் தன்னியல்பு எண்ணங்கள். எண்ணத்தை எண்ணமாகப் பார்க்கப் பழகுவதே பயிற்சி. அப்படியிருக்க, அந்தப் பயிற்சியைப் பதிவுசெய்யும் குறிப்பே எண்ணத்தை என்மேல் ஏற்றி, என் கொள்கையாக்கிவிடலாமா?

இதையெல்லாம் கருத்தரங்கில் பேசுவதுபோல் சற்று நீட்டியே சொன்னேன். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அவர் சிரித்துக்கொண்டே, "நாகு அனிப்பிஸ்துந்தி" என்றார். எனக்குத் தோன்றுகிறது என்பதன் தெலுங்கு. புரிந்துகொண்டார் என்று மகிழ்ந்தேன்.

அவர் கோப்பின் பின்பக்கத்தைப் புரட்டினார். அங்கே என் எண்ணப் பதிவேடுகள் இணைக்கப்பட்டிருந்தன: சூழல், எண்ணம், உணர்ச்சி, ஆதாரம், எதிர் ஆதாரம் என்று நான் வாரந்தோறும் நிரப்பிய தாள்கள். எண்ணத்தின் கட்டத்தில் ஒரு கேள்வி உண்டு: அவ்வேளையில் இதை எவ்வளவு நம்பினீர்கள், நூற்றுக்கு? மூன்றாம் வாரத் தாளில், என் கையெழுத்தில், 85.

"உங்களுக்குத் தோன்றியது, சரி. இந்த 85ஐப் போட்டது யார்?"

என்னிடம் பதில் இல்லை. நான்காம் வேற்றுமை நல்ல புகலிடம்தான். ஒளிந்துகொள்ளவும் உதவும் என்பதை அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணம் தானாக வந்தது. அதற்கு நாற்காலி போட்டு அமர வைத்தது நான்.

ஆனால் ஏழாம் வாரத் தாளையும் சேர்த்துப் பார்த்தோம். அதில் 40. குறிப்பு மட்டும் அதே 'நம்புகிறார்' என்று நின்றது. வினைச்சொல்லைக் குற்றம் சொல்லி வந்த நான் அப்போதுதான் உண்மையான பிழையைக் கண்டேன். நாளும் அளவும் இல்லாத நிகழ்காலம், நான்கு வாரமாக நான் பாடுபட்டு இறக்கிய 45 புள்ளிகளை விழுங்கியிருந்தது. சிகிச்சை நடந்தது, முன்னேற்றக் குறிப்பில் முன்னேற்றம் இல்லை. ஒரு அமர்வுக்கும் அடுத்ததற்கும் இடையே கிடைக்கும் சில நிமிடங்களில் முந்தைய வாரத்து வரியை நகலெடுத்து ஒட்டியிருக்க வேண்டும். யாரையும் கடிந்துகொள்ள முடியவில்லை. என் ஆய்வேட்டின் முன்னுரையில் நானும் அதைச் செய்திருக்கிறேன்.

பழைய வரியை அழித்துவிடலாமா என்றேன். எழுதிய பதிவை அழிக்கக் கூடாது என்று உறுதியாகச் சொன்னார். அடியில் அன்றைய தேதியிட்டு ஒரு பின்சேர்க்கை எழுதினார், திரையை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே: 'தகுதியற்றவள் என்ற எண்ணம் எழுந்ததாகக் கூறுகிறார். நம்பிக்கை அளவு: மூன்றாம் அமர்வில் 85, ஏழாம் அமர்வில் 40.' 'கூறுகிறார்' எனக்கு முழுதும் உவப்பாக இல்லை, விட்டுவிட்டேன்.

அந்த வாரத்து வீட்டுப்பணி, திருத்திய இயலை நெறியாளருக்கு அனுப்புவது. நேற்று அனுப்பினேன். பதில் வரவில்லை, எண்ணம் வந்துவிட்டது. தாளில் தேதி போட்டு, 60 என்று எழுதி வைத்திருக்கிறேன்.