காற்றை நம்பித் தைக்கிறவர்கள்

துணியைச் சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் மாஸ்டர் பேசத் தொடங்குகிறார். தீயில் காய்ச்சிய பறைபோல இறக்கை அதிர்கிறது. “இன்னும் ரெண்டு கோட்டிங் இருக்கு சார். அப்புறம் கேளுங்க சத்தத்தை.”

பெங்களூருக்கு வெளியே, பழைய விமானங்களைப் புதுப்பிக்கும் ஒரு கொட்டகை. மரத்தாங்கிகளின் மேல் கிடப்பது புஷ்பக் என்ற பழைய பயிற்சி விமானத்தின் இடது இறக்கை.

புஷ்பக்குக்கு முன்பே, எச்.ஏ.எல். விமான நிறுவனத்தில் வி.எம். காட்கே தலைமையில் உருவான எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951 ஆகஸ்ட் 5-இல் பறந்தது. முழுக்க உலோகம். பறக்கும் கழகங்களுக்கு இன்னும் எளிய, செலவு குறைந்த விமானம் தேவைப்பட்டது. அதற்காக வந்த புஷ்பக் 1958 செப்டம்பர் 28-இல் முதன்முதலாக வானேறியது. அருகருகே இரண்டு இருக்கைகள், 90 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின், எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த உடல், மேலே துணி. சுமார் 160 விமானங்கள் கட்டினார்கள். ராணுவக் கண்காணிப்புக்கான கிருஷக்கும் இதிலிருந்து கிளைத்ததுதான்.

துணி என்றால் ஏதோ சிக்கனத்துக்குச் செய்த ஒப்பேற்றல் என்று நினைத்துவிடக் கூடாது. பறக்கும்போது இறக்கையின் மேற்பரப்பில் அழுத்தம் குறைந்து, துணியை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அது உப்பினால் இறக்கையின் வடிவமே கெட்டுவிடும். அதனால்தான் இறக்கையின் விலா எலும்புபோன்ற ஒவ்வொரு ரிப்போடும் சேர்த்துத் தைக்கிறார்கள். முதலில் ரிப்பின் நெடுகிலும் ஒரு நாடா, நூல் துணியை அறுக்காமலிருக்க. மெழுகு தடவிய நூலோடு நீண்ட ஊசி மேலிருந்து இறங்குகிறது. கீழே நிற்கும் பையன் அதை வாங்கி ரிப்பைச் சுற்றித் திருப்பி அனுப்புகிறான். மேலே மாஸ்டர் முடிச்சைப் பூட்டுகிறார். தையலுக்குத் தையல் தனி முடிச்சு. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் அடுத்தது பிரிந்து வராது.

“தம்பி, நூல் தளருது பாரு.”

“இழுத்துட்டேன் மாஸ்டர்.”

பிறகு டோப் பூச்சு. காயக் காயத் துணியைச் சுருக்கி இறுக்குவது அதுதான். மழை நாளில் டோப் டப்பாவைத் திறக்கவே மாட்டார்களாம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளை பூத்துவிடும். பூச்சில் வலு இருக்காது. அடுத்து அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு, பருத்தியை வெயில் அரிக்காமல் தடுக்க. இறக்கைக்குள் பல்பை எரியவிட்டுப் பையன் வெளியே குனிந்து தேடினான். ஊசிமுனை அளவு வெளிச்சம் கசிந்தாலும் அங்கே மறுபடி பூச வேண்டும்.

வடிவமைத்த காட்கேயை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது, அது நியாயம்தான். ஆனால் அந்த 160 விமானங்களுக்கும் முடிச்சுப் போட்ட கைகளைப் பற்றி நம்மிடம் என்ன எழுத்து இருக்கிறது? இந்தக் கைப்பக்குவத்தை, தெரிந்தவர்கள் இருக்கும்போதே படம்பிடித்து வைக்க வேண்டும்.

இன்றைய இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம் வேறு பொருளுக்கு மாறிவிட்டது. பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகத்தின் ஹன்சா-என்.ஜி. கூட்டு இழைப்பொருளால் ஆனது. 2021 செப்டம்பர் 3-இல் பறந்தது; 2022 பிப்ரவரியில் கடல்மட்டச் சோதனைக்காகப் புதுச்சேரிக்குப் பறந்து சென்றது. அந்த இழைப்பொருள் வேலையையும் கற்கப் போவதாகப் பையன் சொல்கிறான். மாஸ்டருக்கு அதில் மறுப்பில்லை. இந்த இறக்கையை முடித்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்.